பாடுகிறவர்களே, சுவாசத்தைக் கொட்டிவிடாதிருங்கள்!



இந்த மாதம் வேதபாடத்தின் இடத்தில் ஒரு பாட்டுப் பாடத்தை எழுதுகிறேன். "பாஸ்டர் எப்போ பாட்டு வாத்தியார் ஆனார்?" என்று சிலர் சிரிப்பீர்கள். நான் பாட்டு வாத்தியார் அல்ல. வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ படித்த நாட்களிலும் பாடகர் குழுவில் கடைசி வரிசையில் நின்றவன்தான். ஆனாலும் என் அறியாமையினால் ஒரு பிள்ளையின் குரல் கெட்டுப்போவதைக் கண்ணாரக் கண்டேன். அதனால் இதை எழுதாமல் இருக்க எனக்கு மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லை. துதி ஆராதனை நடத்துகிறவர்களும், பாடகர் குழுவிலுள்ள வாலிபரும், ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிற சகோதரிகளும் பொறுமையோடே வாசியுங்கள்.

நடந்தது இதுதான்

சில வருஷங்களுக்கு முன்பு நம்முடைய சபையில் மூன்று நாள் கன்வென்ஷன் கூட்டம் வைத்தோம். பாட்டு நடத்தியதும் நான், செய்தி கொடுத்ததும் நான். மூன்றாம் நாள் இரவு இரண்டாவது பாட்டிலேயே என் சத்தம் கிழிந்த துணி மாதிரி ஆகிவிட்டது. கூட்டம் முடிந்ததும் ஒரு தாயார் வந்து, "பாஸ்டர் ஐயா, இன்னைக்கு அபிஷேகம் பலமா இருந்துச்சு, உங்க தொண்டையே போயிடுச்சே!" என்றார்கள். உண்மையைச் சொல்லுகிறேன், எனக்கும் உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது.

அதே நாட்களில் நம்முடைய பாடகர் குழுவில் இருந்த ஒரு வாலிப சகோதரி என்னிடத்தில் வந்து, "பாஸ்டர், மேல போனா வெறும் காத்துதான் வருது. சத்தம் வர மாட்டேங்குது" என்று சொன்னாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "விசுவாசமா வாயத் திறந்து பாடும்மா. சத்துரு உன் சத்தத்தை அடக்கப் பாக்குறான், விடாதே" என்றேன். அவள் கீழ்ப்படிகிற பிள்ளை. நான் சொன்னபடியே இன்னும் பலமாகப் பாடினாள். நாலு மாதத்துக்குப் பிறகு பாடகர் குழுவுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். பின்னால் செருப்பு விடுகிற வாசலண்டை உட்கார்ந்து, மற்றவர்கள் பாடும்போது தலைகுனிந்திருப்பாள். அவளுடைய அம்மா, "பாப்பா வீட்ல பேசுறதே கொறஞ்சு போச்சுங்க ஐயா" என்றார்கள்.

எனக்கும் ஐந்து வாரமாகியும் சத்தம் சரியாகத் திரும்பவில்லை. காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனேன். அவர் கேமரா வைத்த மெல்லிய குழாயை மூக்கு வழியாக விட்டு, என் குரல்நாண்களைத் திரையிலே காட்டினார். ஓரம் தடித்துச் சிவந்திருந்தது. பிறகு, "பாடும்போது எப்படி மூச்சு எடுப்பீங்க? எடுத்துக் காட்டுங்க" என்றார். எடுத்துக் காட்டினேன். தோள் இரண்டும் காதுவரைக்கும் ஏறியது, கழுத்து நரம்பு புடைத்தது. அவர் சிரித்துக்கொண்டே, "இதுதாங்க உங்க வியாதி" என்றார்.

அடுத்த வாரமே அந்தச் சகோதரியையும் அவள் தாயாரையும் அழைத்துக்கொண்டு போனேன். அவளுடைய இரண்டு குரல்நாண்களின் ஓரத்திலும் நொய் அரிசி போலச் சின்ன முடிச்சு இருந்தது. ஆபரேஷன் வேண்டாம், குரலுக்கு ஓய்வும் பயிற்சியும் போதும் என்று சொல்லி, பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஒரு அம்மாவிடம் அனுப்பினார். அந்த அம்மா பாட்டைத் தொடவே இல்லை. முதல் மூன்று வாரமும் மூச்சு விடத்தான் கற்றுக் கொடுத்தார்கள். அங்கே நானும் அவளும் கற்றுக்கொண்டதையும், பிறகு நான் தேடி வாசித்ததையும்தான் உங்களுக்குச் சொல்லுகிறேன்.

பயிற்சி என்பது ஆவிக்கு விரோதமா?

"ஆவியானவர் பாட வைப்பார், பயிற்சி எதுக்கு?" என்று கேட்கிறவர்கள் நம்மில் உண்டு. நானும் கேட்டவன்தான். 1 நாளாகமம் 15-ம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். தாவீது உடன்படிக்கைப் பெட்டியை எருசலேமுக்குக் கொண்டுவருகிறான். அந்த மகா பெரிய ஆராதனை நாளிலே பாட்டைப் படிப்பிக்கும்படி கெனானியா என்ற ஒரு லேவியன் இருந்தான். ஏன் அவனிடத்தில் அந்த வேலை? அவன் அதிலே தேறினவன் என்பதைத்தான் வேதம் காரணமாகச் சொல்லுகிறது. 25-ம் அதிகாரத்தில் பாட்டைக் கற்று நிபுணரானவர்களுக்கு ஒரு தொகையே கொடுக்கப்பட்டிருக்கிறது: 288 பேர். தாவீதின் கூடாரத்திலே அபிஷேகமும் இருந்தது, பயிற்சியும் இருந்தது. ஒன்றை ஒன்று தள்ளவில்லை.

வேதத்துக்கு வெளியேயும் ஒரு சரித்திரம் உண்டு. இத்தாலி தேசத்தில் 1705-ல் பிறந்த ஃபாரினெல்லி என்ற பாடகரைப் பற்றி இசை படிக்கிறவர்கள் அறிவார்கள். நீண்ட மூச்சிலே பாடுவதற்கு அவருக்கு ஈடில்லை என்று பேர். அந்நாட்களில் ஸ்பெயின் ராஜாவாகிய ஐந்தாம் பிலிப்பு கடுமையான மனச்சோர்விலே கிடந்தார். 1737-ல் ஃபாரினெல்லியை வரவழைத்தார்கள். 1746-ல் ராஜா மரிக்கும்வரைக்கும் அவர் அரண்மனையிலே அவருக்காகப் பாடிக்கொண்டிருந்தார். சவுலுக்கு முன்பாகத் தாவீது சுரமண்டலம் வாசித்தது உங்கள் ஞாபகத்துக்கு வருகிறதல்லவா? இந்த ஃபாரினெல்லி சிறுவயதிலே நேப்பிள்ஸ் நகரத்தில் போர்போரா என்ற ஆசிரியரிடத்தில் படித்துத் தேறினவர். அவருடைய பேரால் வழங்குகிற மூச்சுப் பயிற்சி ஒன்று இன்றுவரைக்கும் பாடகர்களிடத்தில் இருக்கிறது. அதைக் கீழே எழுதுகிறேன்.

நமக்குள் இருக்கிற துருத்தி

எபிரெயத்தில் "ரூவாக்" என்ற ஒரே சொல் காற்றையும் சுவாசத்தையும் ஆவியையும் குறிக்கும். கிரேக்கத்தில் "நியூமா" என்பதும் அப்படியே. ஆதியாகமம் 2-ம் அதிகாரத்தில் மண்ணினால் உருவான மனுஷன் உயிர்பெற்றதும் சுவாசத்தினால்தான். அந்தச் சுவாசம் நம்முடைய சரீரத்துக்குள் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

ஆர்மோனியத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பின்னால் ஒரு துருத்தி, உள்ளே பித்தளை நாக்குகள், சுற்றிலும் மரப்பெட்டி. துருத்தி காற்றைத் தள்ளும், நாக்கு அதிரும், பெட்டி அந்த நாதத்தை முழங்கச் செய்யும். மனுஷனுக்கும் இந்த மூன்றும் உண்டு. நுரையீரல் துருத்தி. குரல்வளைக்குள் இருக்கிற இரண்டு குரல்நாண்கள் நாக்கு. தொண்டையும் வாயும் பெட்டி.

துருத்தியை அசைக்கிறது யார்? நுரையீரலுக்கு அடியிலே, மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவில், கவிழ்த்த கிண்ணம் போல ஒரு தசை இருக்கிறது. அதற்கு உதரவிதானம் என்று பேர். அது இறுகும்போது கிண்ணம் கீழே இறங்கித் தட்டையாகும். விலா எலும்புகளுக்கு நடுவில் இருக்கிற தசைகள் விலாவை வெளியே விரிக்கும். உள்ளே இடம் உண்டாகிறபடியால் காற்று தானாக நுழைகிறது. அதாவது, காற்றை நாம் இழுக்க வேண்டியதில்லை. இடம் கொடுத்தால் அது வரும். இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிஷத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம். ஒவ்வொரு தடவையும் போய்வருவது ஏறக்குறைய அரை லிட்டர்தான். வளர்ந்த ஆணின் நுரையீரலோ சுமார் 6 லிட்டர் பிடிக்கும், பெண்களுக்குக் கொஞ்சம் குறைவு. அதிலே ஒரு லிட்டருக்குச் சற்று அதிகமானது எவ்வளவு ஊதினாலும் வெளியே வராமல் உள்ளேயே தங்கும். மீதி எல்லாம் பாடுகிறவனுக்குக் கொடுக்கப்பட்ட தாலந்து. நாமோ அரை லிட்டரை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் போராடுகிறோம்.

இனி குரல்நாண். ஆண்களுக்கே அதின் நீளம் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர்தான், பெண்களுக்கு அதைவிடக் குறைவு. ஒரு சகோதரி கீபோர்டுக்காரர் "ஏ" என்று சொல்லுகிற நடு ஸ்வரத்தைப் பாடினால், அந்த இரண்டு சின்ன நாண்களும் ஒரு விநாடிக்கு 440 தடவை ஒன்றையொன்று தொட்டுப் பிரிகின்றன. ஒரு நிமிஷம் பிடித்தால் 26,400 தடவை! மூச்சு சீராக இருந்தால் அவை மெதுவாகத் தொடும். மூச்சு தீர்ந்துபோன பிறகும் சத்தம் வேண்டும் என்று தொண்டையை இறுக்கினால் அவை மோதிக்கொள்ளும். மண்வெட்டி பிடிக்கிறவனுடைய உள்ளங்கை காய்ப்பதுபோல அந்த ஓரமும் காய்த்துவிடும். அந்தப் பிள்ளைக்கு வந்தது இதுதான். சத்துரு அவள் தொண்டையை அடைக்கவில்லை. நான் கொடுத்த ஆலோசனைதான் அடைத்தது.

இந்த நாண்களை உயிரோடிருக்கிற மனுஷனுக்குள் பார்க்கும் வழியைக் கண்டவர்களில் முக்கியமானவர் ஒரு டாக்டர் அல்ல, மானுவேல் கார்சியா என்ற பாட்டு ஆசிரியர்! 1854-ல் சின்னக் கண்ணாடி ஒன்றைத் தன் தொண்டைக்குள் வைத்து, சூரிய வெளிச்சத்தைத் திருப்பி, தன் குரல்நாண்கள் அசைவதைத் தானே கண்டார். 1855-ல் லண்டன் ராயல் சங்கத்துக்கு அதை எழுதிக் கொடுத்தார். டாக்டர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் 101 வயது வரை வாழ்ந்து 1906-ல் மரித்தார்.

மூன்று தப்பான எண்ணங்கள்

1. "வயிற்றிலிருந்து பாடு."

இதை நாம் எல்லோரும் சொல்லுகிறோம். வயிற்றுக்குள் காற்று போவதில்லை. உதரவிதானம் கீழே இறங்குகிறபடியால் குடல் முன்னால் தள்ளப்பட்டு வயிறு உப்புகிறது, அவ்வளவுதான். இதைத் தெரியாத வாலிபர்கள் வயிற்றைக் கல் மாதிரி இறுக்கிக்கொண்டு பாடுகிறார்கள். இறுகின வயிறு உதரவிதானத்தை இறங்கவிடாது, காற்றுக்கு இடமும் கிடைக்காது.

2. "நெஞ்சு நிமிர்த்தித் தோளைத் தூக்கி இழு."

தோளைத் தூக்கினால் நுரையீரலின் மேல்பாகம்தான் கொஞ்சம் நிரம்பும். அதோடு கழுத்துத் தசைகள் எல்லாம் இறுகிப்போகும். அந்தக் கழுத்துக்குள்தானே குரல்வளை இருக்கிறது? வாசலை இறுக்கிக்கொண்டு விருந்தாளியைக் கூப்பிடுவதுபோல் இருக்கும்.

3. "எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு பாடலாம்."

இதுதான் மூன்றிலும் பெரிய தவறு. நிறைய ஊதின பலூனை விட்டுப் பாருங்கள், "புஸ்" என்று போய்விடும். நுரையீரலும் அப்படித்தான், நிறைய நிறையத் தானாகச் சுருங்கப் பார்க்கும். சின்ன வரிக்குப் பெரிய மூச்சு எடுத்தவன் முதல் சொல்லிலேயே பாதியைக் கொட்டிவிட்டு, கடைசிச் சொல்லில் திணறுவான். நாலு சொல் உள்ள வரிக்கு நாலு சொல்லுக்கான மூச்சு போதும்.

இரகசியம் எடுப்பதில் இல்லை, விடுவதில்!

பிரியமானவர்களே, இந்தக் கட்டுரை முழுவதிலும் நீங்கள் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் இதை வைத்துக்கொள்ளுங்கள். பாடுவது என்பது மூச்சை நிதானமாய் வெளியே விடுவது.

இத்தாலிய ஆசிரியர்கள் இதற்கு "அப்போஜ்ஜோ" என்று பேர் வைத்தார்கள். "சாய்ந்துகொள்ளுதல்" என்று அர்த்தம். 1850 முதல் 1875 வரைக்கும் மிலான் நகர இசைப்பள்ளியில் போதித்த பிரான்சிஸ்கோ லம்பர்ட்டி என்பவர் இதை ஒரு போராட்டமாக விளக்கினார். காற்றை வெளியே தள்ளுகிற தசைகள் ஒரு பக்கம், அதை உள்ளே வைத்துக்கொள்ளப் பார்க்கிற தசைகள் மறுபக்கம். இரண்டும் சமமாய் இழுத்துக்கொண்டிருக்கும்போது காற்று நூல் பிடித்தாற்போல் வெளியே வரும். தொண்டைக்கு வேலையே இருக்காது.

இன்னும் விளக்கமாகச் சொல்லுகிறேன். மூச்சு நிறைந்திருக்கிற ஆரம்பத்தில் காற்று தானே வெளியே ஓடப் பார்க்கும். அப்போது நாம் தள்ளக்கூடாது, பிடித்து வைக்க வேண்டும். எப்படி? மூச்சு எடுத்தபோது விரிந்த விலாவைச் சட்டென்று விழவிடாமல், இன்னும் மூச்சு எடுத்துக்கொண்டே இருக்கிற பாவனையில் விரித்தபடியே வைத்துக்கொள்ளுங்கள். வரியின் நடுவில் தள்ளவும் வேண்டாம், பிடிக்கவும் வேண்டாம். முடிவு வரும்போது அடிவயிறு மெதுவாக உள்ளே போய்க் கடைசிக் காற்றைக் கொடுக்கும். ஆரம்பத்தில் விலா, முடிவில் அடிவயிறு. நாமோ தலைகீழாகச் செய்கிறோம். ஆரம்பத்திலேயே வயிற்றை உள்ளே குத்தி எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, முடிவில் தொண்டையைப் பிழிகிறோம்.

சம்பளம் வாங்கினவன் முதல் வாரத்திலே பிரியாணி சாப்பிட்டு, கடைசி வாரத்திலே கடன் வாங்குகிறான் அல்லவா? மூச்சு தீர்ந்தவன் தொண்டையினிடத்தில் கடன் வாங்குகிறான். தொண்டை கொடுக்கும். ஆனால் வட்டியோடே திரும்ப வாங்கும்.

வீட்டிலே செய்ய ஐந்து பயிற்சிகள்

ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் போதும். சாப்பிட்டவுடனே செய்ய வேண்டாம்.

1. படுத்துப் பாருங்கள். பாயிலே மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிக்கொள்ளுங்கள். தொப்புளின் மேல் மடித்த துண்டு ஒன்றை வையுங்கள். மூச்சு வரும்போது துண்டு மேலே எழும்ப வேண்டும், போகும்போது தாழ வேண்டும். தோள் பாயை விட்டு அசையக்கூடாது. தூங்குகிற கைக்குழந்தையைப் பாருங்கள், அது யாரும் சொல்லிக் கொடுக்காமல் இப்படித்தான் மூச்சு விடுகிறது.

2. விலாவைப் பிடித்துப் பாருங்கள். எழுந்து நின்று, இரண்டு உள்ளங்கையையும் கடைசி விலா எலும்பின் மேல் பக்கவாட்டில் வையுங்கள். சத்தமில்லாமல் மூச்சு எடுங்கள். கைகள் வெளியே தள்ளப்பட வேண்டும். மூச்சு எடுக்கிற சத்தம் மைக்கிலே கேட்டால் தொண்டை குறுகியிருக்கிறது என்று அர்த்தம். ரோஜாப்பூவை முகருகிறவன் எப்படி எடுப்பானோ அப்படி எடுங்கள்.

3. "ஸ்ஸ்ஸ்" என்று விடுங்கள். அதே நிலையில், சைக்கிள் டியூபில் ஊசித்துளை விழுந்தாற்போல் மெல்லியதாய், ஒரே சீராய் விடுங்கள். விலாவில் இருக்கிற கை சீக்கிரம் உள்ளே விழக்கூடாது. முதல் வாரம் 10, 15 விநாடி வந்தால் போதும். நாளாக நாளாக 20, 25 என்று கூடும். எவ்வளவு நேரம் என்பதைவிட எவ்வளவு சீராக என்பதே முக்கியம். நடுவிலே நடுங்கினால் அங்கேயே நிறுத்துங்கள்.

4. ஃபாரினெல்லி பயிற்சி. மனதுக்குள் நாலு எண்ணி மூச்சை எடுங்கள். நாலு எண்ணும்வரை விலா விரிந்தபடியே நிறுத்தி வையுங்கள், ஆனால் தொண்டையைப் பூட்டாதிருங்கள். நாலு எண்ணி வெளியே விடுங்கள். உடனே ஐந்து, ஐந்து, ஐந்து. பிறகு ஆறு. சிரமம் தெரிகிற எண்ணுக்கு முன்பாகவே நிறுத்திவிடுங்கள். இதிலே போட்டி வேண்டாம்.

5. உதட்டைப் படபடவென்று அடியுங்கள். சின்னப் பிள்ளைகள் பைக் ஓட்டுகிற விளையாட்டில் "ப்ர்ர்ர்" என்று செய்வார்களே, அதுதான். அந்தச் சத்தத்திலேயே உங்களுக்குத் தெரிந்த ஒரு பாட்டின் ராகத்தைப் பாடுங்கள். காற்று குறைந்தாலும் உதடு நின்றுவிடும், அதிகமாகத் தள்ளினாலும் சிதறும். சீராக இருந்தால்தான் ஓடும். அந்தச் சகோதரிக்கு முதலில் கொடுத்த பாட்டுப் பயிற்சி இதுவே. வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டே செய்தாள். அநேக மாதங்களுக்குப் பிறகு அவள் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எச்சரிப்பு: தலை சுற்றினால், கண் இருட்டினால் உடனே நிறுத்தி, உட்கார்ந்து, சாதாரணமாக மூச்சு விடுங்கள். ஆஸ்துமா, இருதய வியாதி, இரத்தக் கொதிப்பு உள்ளவர்களும், கர்ப்பவதிகளும், சமீபத்தில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களும் மூச்சை நிறுத்தி வைக்கிற நாலாம் பயிற்சியை டாக்டரைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

பாட்டிலே மூச்சை எங்கே எடுப்பது?

பேசும்போது யாரும் ஒரு சொல்லின் நடுவில் மூச்சு வாங்குவதில்லை. பாடும்போதோ "இரட்" என்று பாடி, மூச்சு வாங்கி, "சகர்" என்று முடிக்கிறோம்! கேட்கிறவனுக்கு என்ன விளங்கும்? ஆகையால் பாட்டு நோட்டை எடுத்து, பென்சிலால் மூச்சு எடுக்கிற இடத்திலெல்லாம் ஒரு சின்னக் குறி போடுங்கள். அர்த்தம் முடிகிற இடத்திலே எடுங்கள். குறி போட்ட இடத்தில், இன்னும் மூச்சு மீதி இருந்தாலும் எடுத்துவிடுங்கள். தீர்ந்த பிறகு எடுப்போம் என்று காத்திருக்க வேண்டாம்.

குழுவாகப் பாடும்போது இன்னொரு உபாயம் உண்டு. ஹாண்டல் 1741-ல் எழுதிய "மேசியா" இசையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அதிலே சில இடங்களில் ஒரே அசை வரிசையாய் அநேக ஸ்வரங்களுக்கு நீண்டு ஓடும். குழுவிலே மூச்சு போதாதவர்கள் என்ன செய்கிறார்கள்? பக்கத்திலிருக்கிறவன் பாடும்போது இவன் சத்தமில்லாமல் விட்டு, மூச்சு வாங்கி, மெல்லச் சேர்ந்துகொள்ளுகிறான். பிறகு அவன் வாங்குகிறான். கேட்கிறவர்களுக்குப் பாட்டு அறுபடுவதே இல்லை. ஒருவருடைய குறைவை ஒருவர் தாங்குகிறார்கள். சபை என்பதும் அதுதானே?

சபையாராய் நாம் திருத்திக்கொள்ள வேண்டியவை

பாடுகிறவர்கள் மாத்திரம் மாறினால் போதாது. முதலாவது, சத்தம். சுற்றிலும் இரைச்சல் கூடினால் மனுஷன் தன்னை அறியாமலே சத்தத்தைக் கூட்டுவான். 1911-ல் பிரான்சு தேசத்து டாக்டர் லம்பார்ட் என்பவர் இதை எழுதிவைத்தார். டிரம்சும் கீபோர்டும் ஸ்பீக்கரும் அலறினால், பாடுகிறவள் எவ்வளவு பயிற்சி பெற்றிருந்தாலும் கத்தத்தான் செய்வாள். ஒலிபெருக்கி பார்க்கிற தம்பிமாரே, பாடுகிறவர்களுக்கு அவர்கள் சத்தம் அவர்கள் காதிலே கேட்கும்படி முன்னால் ஒரு ஸ்பீக்கரைத் திருப்பி வையுங்கள். டிரம்ஸ் வாசிக்கிற தம்பி, உன் கையிலே அவர்களுடைய தொண்டை இருக்கிறது.

இரண்டாவது, சுதி. கீபோர்டிலே ஒரு பட்டனைத் தட்டினால் சுதி இறங்கும். பாட்டு நடத்துகிற சகோதரனுக்கு வசதியான சுதியிலே சகோதரிகள் எல்லோரும் திணற வேண்டியதில்லை.

மூன்றாவது, உபவாச ஜெபம். தண்ணீரும் குடியாமல் உபவாசிக்கிறவர்கள் அன்றைக்கு மணிக்கணக்காய்ப் பாட்டு நடத்த வேண்டாம். குரல்நாண்கள் ஈரமாய் இருந்தால்தான் சுலபமாய் அதிரும். மற்ற நாட்களில் அடிக்கடி தண்ணீர் குடியுங்கள். மிளகும் பனங்கற்கண்டும் தொண்டைக்கு இதமாக இருக்கும், ஆனால் நாம் விழுங்குவது உணவுக்குழாய் வழியே போகிறபடியால் குரல்நாண்களைத் தொடுவதில்லை. அவை ஓய்வை ஈடுசெய்யாது.

நாலாவது, தொண்டை கட்டினவரைப் பாட வைக்காதிருங்கள். பலமாகக் கிசுகிசுப்பதும் ஓய்வு அல்ல. மூன்று வாரத்துக்குமேல் கரகரப்பு போகாவிட்டால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கட்டாயம் போங்கள். ஜெபிப்போம், டாக்டரிடமும் போவோம். கம்மின சத்தம் அபிஷேகத்தின் அடையாளம் என்று இனி நம்முடைய சபையில் ஒருவரும் சொல்லாதிருப்போமாக.

முடிவாக

எட்டு மாதம் கழித்து அந்தச் சகோதரி பாடகர் குழுவுக்குத் திரும்பி வந்தாள். முன்பு அநாயாசமாய்ப் போய்வந்த மேல் ஸ்வரங்களை இப்போது அவள் தேடுவதில்லை. இரண்டாவது வரிசையில் நின்று கீழ்க்குரல் பாடுகிறாள். அவள் திரும்பி வந்த ஞாயிறன்று, ஆராதனைக்கு முன்பாக அவளையும் அவள் தாயாரையும் கூப்பிட்டு, "என்னை மன்னிச்சிரும்மா. தெரியாத விஷயத்துல தெரிஞ்சவன் மாதிரி புத்தி சொல்லிட்டேன்" என்றேன். அவள், "பரவாயில்ல பாஸ்டர், நீங்களும் தோளத் தூக்காமப் பாடுங்க, அது போதும்" என்றாள். இன்றைக்கும் நான் பாட்டு நடத்தும்போது இரண்டாவது வரிசையைப் பார்ப்பேன். என் தோள் ஏறினால் அவள் தன் தோளை ஒரு விரலால் தொட்டுக் காட்டுவாள். உடனே இறக்கிக்கொள்ளுவேன்.

சங்கீதப் புத்தகத்தின் கடைசி வசனம் துதிக்கும்படி யாரை அழைக்கிறது? நல்ல குரல் உள்ளவர்களை மாத்திரம் அல்ல, மூச்சு விடுகிற யாவரையும். அப்படியானால் அந்த மூச்சும் நமக்கு ஒப்புவிக்கப்பட்ட ஒன்று. உக்கிராணக்காரனிடத்தில் எஜமான் எதிர்பார்ப்பது உண்மையாய்ச் செலவழிப்பதை அல்லவா?

சிந்திக்க:

1. பாடும்போது என் தோள் ஏறுகிறதா? கண்ணாடி முன் நின்று பார்த்தேனா?

2. தெரிந்த ஒரு பாட்டில் எங்கே மூச்சு எடுக்கிறேன்? அது அர்த்தம் முடிகிற இடமா?

3. என் பக்கத்தில் பாடுகிறவர் மூச்சு வாங்க நான் இடம் கொடுக்கிறேனா?

4. தொண்டை வலிக்கிறது என்று ஒருவர் சொன்னபோது நான் என்ன பதில் சொன்னேன்?

வருகிற சனிக்கிழமை பாடகர் குழு ஜெபத்துக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு பாயும் ஒரு துண்டும் கொண்டுவாருங்கள். முதல் பயிற்சியைச் சேர்ந்து செய்வோம்.

கர்த்தர் தாமே உங்கள் சுவாசத்தையும் சத்தத்தையும் காத்து ஆசீர்வதிப்பாராக. ஆமென்.